நஞ்சுண்டனுக்கு நான் பொறுப்பு

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
21 பிப்ரவரி 1999

அன்புள்ள உங்களுக்கு,

புஷ்பவல்லி எழுதுகிறேன். நானும் ரோஷினியும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை மருதமலைப் படியில் சறுக்கி, நொண்டிக்கொண்டே வந்து தாலி கட்டிய கதையை என் மகள் இங்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வீக்கம் வடியாவிட்டால் ஒத்தடத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாற்பத்திரண்டு வயதில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு, மூன்றே வாரத்தில் விமானம் ஏறி வந்துவிட்ட பெண் கணவனுக்கு எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. போனில் பேசலாம் என்றால் நீங்கள் "சரிங்க" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. "சரிங்க" கேட்பதற்காக எத்தனை காலிங் கார்டு வாங்குவது? அதனால் கடிதமே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

உங்களை இங்கே வரவழைக்கும் மனுவைப் போட்டுவிட்டேன். நான் இந்த நாட்டுக் குடிமகள் என்பதால் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டாம் என்கிறார்கள்.

உங்கள் சின்னத் தங்கை என்னைக் கேட்டாரே, "ஏனுங் அண்ணி, காரு ஓட்டறதுக்குக் காசு குடுத்தாச் சரி. பக்கத்துல சும்மா உக்காந்திருக்கறதுக்குமா குடுப்பாங்க?" என்று. நேற்றுக் காலை வெண்பா என்ற மதுரைப் பெண்ணுக்குப் பாடம். அவள் கணவர் இங்கே டெலிபோன் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். நடு ரோட்டில் ஓர் அணில் குறுக்கே ஓடியது. வெண்பா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது; மிதித்தேன். கார் நின்ற பிறகு விரலிடுக்கு வழியாகப் பார்த்து, "ஆன்ட்டி, அணில் சேஃபா?" என்றாள். சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான் காசு என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

புஷ்பவல்லி


உடுமலைப்பேட்டை
14 மார்ச் 1999

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

நஞ்சுண்டன் எழுதுவது. கால் தேறிவிட்டது. இங்கே வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது, மற்றபடி எல்லாரும் சுகம். நீங்களும் ரோஷினியும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் மெலிந்து போயிருப்பதாகத் தங்கைகள் மூன்று பேரும் ஒரே முடிவாக இருக்கிறார்கள்.

போன் விஷயம். என் கடையைப் பார்த்திருக்கிறீர்கள். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், நான் செப்புக் கம்பியில் புதுக் காயில் சுற்றி முடிக்கும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் போன் வந்ததும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போன தடவை நீங்கள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது பெஞ்சுவரை கேட்டுவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெரியவர், "சாப்ட்டாருங் அம்மிணி" என்று பதில் சொல்லிவிட்டார். இந்த நிலைமையில் நான் "சரிங்க" என்பதைத் தவிர என்ன சொல்ல?

எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் மோட்டார் எரிந்தால் திரும்பச் சுற்றுவார்களா, தூக்கி எறிந்துவிடுவார்களா? எறிந்துவிடுவார்கள் என்று என் நண்பர் கோபாலசாமி சொல்கிறார். அப்படியானால் நாற்பத்தேழு வயதில் நான் அங்கே வந்து என்ன செய்வேன் என்று சில சமயம் தோன்றுகிறது. வராமல் இருக்க இது சாக்கு இல்லை. நீ நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரோஷினிக்கு என் அன்பு. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளே தீர்மானிக்கட்டும். அவசரமில்லை.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்


ரிச்சர்ட்சன்
2 மே 1999

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். கால் தேறியது கேட்டு நிம்மதி. தங்கைகளிடம் சொல்லுங்கள், நான் மெலியவில்லை. கல்யாணப் புடவையை இறுக்கிக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

"நீ" என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு, "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்த எழுத்தைத்தான் நான் அதிக தடவை படித்தேன்.

இங்கே மோட்டாரைத் தூக்கித்தான் எறிகிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பழைய பட்டறைக்காரர், சுற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதே இல்லை என்று புலம்பினார். மிச்சத்தை வந்த பிறகு பார்க்கலாம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் கல்யாணத்தில் ஆறு வருடம் இந்த நாட்டில் இருந்தேன், கார் சாவி என் கைக்கு வந்ததே இல்லை. பால் வாங்க வேண்டுமென்றாலும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரிந்த பிறகுதான் ஓட்டக் கற்றேன். முதல் நாள் தனியாகக் கடைக்குப் போய் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறெதுவும் தேவைப்படவில்லை, போக முடிந்ததே போதுமாக இருந்தது.

அதனால்தானோ என்னவோ, சில பெண்களிடம் எனக்குக் காசு கேட்க வாய் வருவதில்லை. புருஷனிடம் கேட்டு வாங்கித்தான் தர வேண்டும் என்று தெரிந்தால் "அப்புறம் பார்க்கலாம் கண்ணு" என்றுவிடுகிறேன். அவர்களும் சும்மா இருப்பதில்லை. இந்த மாதம் என் சம்பளம்: தோசை மாவு, பருப்புப் பொடி, தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. ரோஷினி ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, "அம்மா, யு ஆர் பெய்ட் இன் பேட்டர், உன் சம்பளமே மாவுதான்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

கடைப் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

புஷ்பவல்லி


உடுமலைப்பேட்டை
27 ஜூன் 1999

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தில் எலுமிச்சம்பழம் வந்த இடத்தைப் பலமுறை படித்தேன். அதனால்தான் பதில் தாமதம். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று புரியாமல் அன்றைக்கு ஒரு காயிலைத் தப்பாகச் சுற்றிவிட்டேன்.

நீங்கள் சொன்னதால் நானும் சொல்கிறேன். அப்பா சீக்கிரம் போய்விட்டார். மூன்று தங்கைகள் கல்யாணத்துக்கும், அப்புறம் பெரிய மாப்பிள்ளை வாங்கிய லாரிக்கும், சொசைட்டியில் ஜாமீன் கையெழுத்து நான்தான். அதெல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது, பெண் கொடுக்க யாராவது வரும் வயதை நான் தாண்டியிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. அப்படி ஆகாமல் இருந்திருந்தால் உங்களைப் பார்த்திருக்க மாட்டேன் என்று இப்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. கோபாலசாமியின் அம்பாசிடரில் கார் ஓட்டக் கற்க ஆரம்பித்தேன். டீச்சர் புருஷனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பேர் வரக் கூடாது. நேற்று அவருடைய ரைஸ்மில் காம்பவுண்டு சுவரைக் கொஞ்சம் சாய்த்துவிட்டேன். கோபாலசாமி இறங்கிப் பார்த்துவிட்டு, "உம்பட சம்சாரமே சொல்லிக் குடுக்கட்டும் நஞ்சுண்டா, எனக்கு மில்லு வேணும்" என்றார்.

வெண்பாவுக்கு லைசென்ஸ் கிடைத்ததா?

நஞ்சுண்டன்


ரிச்சர்ட்சன்
29 ஆகஸ்ட் 1999

அன்புள்ள உங்களுக்கு,

எல்லாரும் நலம். கோபாலசாமி அண்ணாவின் சுவர் நலமா? தயவுசெய்து அங்கே இனிமேல் எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள். இங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும்.

சந்தோஷமான செய்தி: என் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அடுத்து சென்னைத் தூதரகத்திலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள். வெண்பாவும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வேலை விசாவும் கிடைத்து, ஒரு டெலிகாம் கம்பெனிக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போகிறாள்.

நான் ஒரு பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, என் வருமானத்தையும் காட்ட வேண்டுமாம். சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி ஒரு தாள் கொடுத்துவிடும். நானே முதலாளி, நானே தொழிலாளி; எனக்கு யார் தாள் கொடுப்பது? வரிக்கணக்கு எழுதும் பிச்சுமணி அங்கிளைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வேலை கொஞ்சம் அதிகம். அடுத்த கடிதம் பெரிதாக எழுதுகிறேன்.

புஷ்பவல்லி


ரிச்சர்ட்சன்
21 நவம்பர் 1999

அன்புள்ள உங்களுக்கு,

சுகம்தானே? உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. கோபமா? ஞாயிற்றுக்கிழமைகூட வகுப்பு. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிறேன். ரோஷினிதான் சமைக்கிறாள், அதாவது சூடு பண்ணுகிறாள்.

நேர்காணல் தேதி வந்தது பெரிய சந்தோஷம். காகிதங்கள் எல்லாம் கூரியரில் வருகின்றன. பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருக்கும்.

நீலச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். அது உங்களுக்கு நன்றாக இருக்கிறது.

புஷ்பவல்லி


உடுமலைப்பேட்டை
12 டிசம்பர் 1999

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

நலம். அங்கே குளிர் அதிகம் என்று பேப்பரில் படித்தேன், இருவரும் கவனம்.

நேர்காணலுக்குப் போய் வந்தேன். நீலச் சட்டைதான். உள்ளே நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்த இளம் தம்பதி, நான் யாரோ மகனைப் பார்க்கப் போகும் அப்பா என்று நினைத்துவிட்டார்கள். "சம்சாரத்துகிட்டப் போறனுங்க" என்றதும் அந்தப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

இன்னும் ஒரு காகிதம் வேண்டுமாம். பெரிய விஷயம் இல்லை. நிதானமாகப் பார்க்கலாம். நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு விஷயம் நடந்தது. அதை இப்போது எழுத முடியவில்லை.

நஞ்சுண்டன்


உடுமலைப்பேட்டை
16 ஜனவரி 2000

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

இருவருக்கும் பொங்கல் வாழ்த்து. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

போன கடிதத்தில் மறைத்ததை இதில் எழுதுகிறேன். விசா தரவில்லை. ஒரு சீட்டு கொடுத்தார்கள். மனைவியின் வருமானம் போதாது, வேறு அத்தாட்சி கொண்டு வா என்று அதில் இருக்கிறது. உங்களுக்கு இதைத் தெரியப்படுத்தினால் மனசு சங்கடப்படுமே என்று ஒரு மாதமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பிரிக்காதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜன்னலில் கொடுப்பதற்கு அவர்களே பிரித்து அடுக்கச் சொன்னார்கள். அப்போது உங்கள் பொறுப்புப் பத்திரம் கண்ணில் பட்டது. பக்கத்தில் இருந்த இளைஞரிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். நஞ்சுண்டனுக்கு நான் பொறுப்பு, அவர் அரசாங்கத்தின் தலையில் விழாமல் நான் காப்பாற்றுவேன் என்று எழுதி, கீழே புஷ்பவல்லி என்று கையெழுத்து. அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன், கண்ணாடியில் ஒன்றும் இல்லை. எத்தனையோ பேருக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்காக ஒருவர் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

உங்களுக்குக் கஷ்டம் இருக்கும்போது என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நானும் சொல்லவில்லையே.

தூதரகத்துக்கு வெளியே விசாரித்தேன். வருமானம் குறைந்தால் வருகிறவரின் சொத்தையும் காட்டலாமாம். கடையை விற்றுப் பணமாக பேங்கில் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். கோபாலசாமி வாங்கிக்கொள்கிறார். இந்த மாதம் முன்பணம் தருகிறார். எனக்கு வருத்தம் இல்லை.

நஞ்சுண்டன்


ரிச்சர்ட்சன்
13 பிப்ரவரி 2000

அன்புள்ள நஞ்சுண்டன்,

பெயர் சொல்லி எழுதிவிட்டேன். உடம்பு சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அன்று போனில் உங்கள் குரலைக் கேட்டுவிட்டேன். "கடையை விக்காதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "சரிங்க" என்றீர்கள். அது எந்தச் "சரிங்க"? புரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன். பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

இப்போது முழுவதும் சொல்கிறேன்.

மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு வருமானமாவது இருக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆகஸ்டில் பிச்சுமணி அங்கிள் என் 98ஆம் வருடக் கணக்கை எடுத்தார். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், கார் தேய்மானம் எல்லாம் கழித்திருந்தார். அந்த வருடம் இன்ஜின் வேறு உட்கார்ந்துவிட்டது. மாற்றிய செலவும் கழிந்தது, கார் ஷெட்டில் கிடந்த நாட்களின் வரும்படியும் போனது. வரி குறைந்தபோது நான் அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன். அதே தாளைப் பார்த்துவிட்டு இப்போது, "அம்மா, பேப்பர் மேல நீங்க ஏழை" என்றார்.

"இல்ல அங்கிள், நான் நல்லாத்தான் சம்பாதிக்கறேன்."

"சம்பாதிக்கறேள். ஆனா எதுல? தோசை மாவைக் கணக்குல எந்த லைன்ல போடறது?"

காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. சொந்தக் காலில் நிற்கிறேன் என்று உங்களிடம் எவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன்! அதை எப்படி எழுதுவது? 98 கணக்கோடு அனுப்பினால் தடுப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் அனுப்பினேன். 99 கணக்கு ஜனவரியில்தான் எழுத முடியும். அதற்குள் சம்பாதித்துவிட வேண்டும் என்று ஓடினேன். அதுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அதுதான் சின்னக் கடிதம். உங்கள் மேல் மனம் மாறியதாக நினைத்தீர்களா? நினைத்திருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள்.

ரோஷினி டேஷ்போர்டில் ஓர் அட்டை ஒட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று எழுதி, கீழே கொட்டை எழுத்தில் "நோ தோசை பேட்டர்." முதல் நாள் அதை நான் கைப்பையால் மறைத்துவிட்டேன். வெண்பா ஃப்ரீவே பழக வந்தவள், பையை எடுத்துப் பின்சீட்டில் போட்டாள்.

"என்ன ஆன்ட்டி இது? உங்களுக்கு என்ன பிரச்சனை?"

அவள் ஓட்ட ஓட்ட எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீவே ஓட்டத்தோடு போய்க் கலக்க வேண்டிய இடம், அவள் பயப்படும் மெர்ஜ், வந்தது. என்னைத் திட்டுகிற வேகத்தில் லாரிகளுக்கு நடுவில் அழகாக நுழைந்துவிட்டாள். "எனக்கு லைசென்ஸ் இல்லன்னா இந்த வேலையே இல்ல. அதுக்கு நீங்க வாங்கினது ஒரு டப்பா பருப்புப் பொடி! எங்க கம்பெனில மாசாமாசம் புது ஃபேமிலி வந்து இறங்குது. ஒய்ஃப் எல்லாம் அப்பார்ட்மென்ட்ல மாட்டிக்கிட்டு அழுறாங்க. நான் ஹெச்.ஆர். கிட்ட பேசுறேன்."

பேசிவிட்டாள். அக்டோபரிலிருந்து அந்தக் கம்பெனியில் புதிதாக வருகிறவர்களின் மனைவிகளுக்கெல்லாம் நான்தான் டீச்சர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. வருட முடிவில் கம்பெனியே, புஷ்பவல்லிக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று தாள் கொடுத்துவிட்டது. எனக்கும் தாள் கொடுக்க ஆள் வந்துவிட்டது!

போன வாரம் 99 கணக்கைத் தாக்கல் செய்தோம். அங்கிள் கூட்டி முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கோட்டைத் தாண்டியாச்சு. ஆனா வரி நிறைய வரது" என்றார். நான் எழுந்து நின்று சிரித்தேன். "எவ்வளவுன்னாலும் கட்டறேன் அங்கிள், சீக்கிரம் சொல்லுங்க!" முப்பது வருடத்தில் இப்படி ஒரு கட்சிக்காரரைப் பார்த்ததில்லையாம். இந்தத் தடவை அவர்தான் எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

என் மாணவி டாக்டர் தவமணிதேவி, யாழ்ப்பாணத்துக்காரர், வெண்பாவிடம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "நாலு தரம் ஃபெயில் பண்ணின என்னை அஞ்சாம் தரம் பாஸ் பண்ண வைச்சனீர். ஒரு கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? தாரும், நானும் சேர்ந்து பொறுப்பு எண்டு போட்டுத் தாறன்" என்றார். அவரைக் கட்டிக்கொண்டேன். என் கணக்கு போதாது என்றால் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஓர் ஆசை. உங்களுக்கு நான் ஒருத்தியே பொறுப்பாக இருக்க வேண்டும்.

கடையை விற்றுவிட்டீர்களா?

புஷ்பவல்லி


உடுமலைப்பேட்டை
5 மார்ச் 2000

அன்புள்ள புஷ்பா,

எல்லாரும் சுகம். நீ சுகமா? அடிக்காமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தது கோபாலசாமியேதான். முன்பணக் கட்டோடு வந்திருந்தார். பத்திரம் எழுதுகிறவரும் கூட. நீ "விக்காதீங்க" என்றது அவர்கள் இருவருக்கும் கேட்டது. மூன்றாவது தடவை நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது, அதுவும் கேட்டது. நான் போனை வைத்ததும் கோபாலசாமி கட்டை மடியில் சொருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏன், என்னாச்சு?" என்றேன்.

"அந்தப் புள்ள அங்கிருந்து அழுவுது. இந்தக் கடைய வாங்கி நான் வெளங்குவனா? வாடகைக்குக் குடு போதும். திரும்பி வந்தாக் காலி பண்ணித் தாறன்."

ஆக, கடை என் பேரில்தான் இருக்கிறது. வாடகை என் தங்கைகள் பேரில் பேங்கில் விழும்.

உன் மனம் மாறிவிட்டதோ என்று நான் நினைத்தது உண்மை. மறைக்கவில்லை. டிசம்பரில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படி நினைத்ததற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும். ஆறு நாளும் ஓடிவிட்டு ஏழாம் நாளும் ஓடியவளைப் பற்றி அப்படி நினைத்தேன்.

டாக்டரம்மாவுக்கு என் வணக்கம் சொல். உன் ஆசைதான் எனக்கும். ஆனால் அவர் கையெழுத்து தேவைப்பட்டால் கௌரவம் பார்க்காதே. எனக்கு வந்து சேர வேண்டும்.

உன்
நஞ்சுண்டன்


சென்னை
10 மே 2000

அன்புள்ள புஷ்பா,

நலம், நலம், நலம்! சென்னையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காபி ஆறிவிட்டது. சாயந்திரம் உனக்குப் போன் செய்தபோது பூத்துக்கு வெளியே பத்துப் பேர் நின்றார்கள், ஆனாலும் இந்த முறை "சரிங்க" சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். விசா கிடைத்துவிட்டது என்று நான் கத்தியது ரோட்டுக்கே கேட்டிருக்கும். நீ ஒன்றும் பேசவில்லை. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜன்னலில் இருந்தது ஒரு சின்ன வயது அம்மாள். உன் புது வரிக்கணக்கு, கம்பெனித் தாள், ஒப்பந்தம் மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார்.

"உங்க மனைவிக்கு என்ன வேலை?"

"காரு ஓட்டச் சொல்லிக் குடுக்கறாங்க."

"முந்தின வருஷக் கணக்குல இவ்வளவு குறைவா இருந்துச்சே, போன வருஷம் எப்படி ஏறிச்சு?"

நான் யோசிக்கவே இல்லை. "முந்தியெல்லாம் அவங்க காசு வாங்காமச் சொல்லிக் குடுத்தாங்க. போன வருசம் என்னைக் கூப்புடறதுக்காக வாங்குனாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அந்த அம்மாள் காகிதத்திலிருந்து நிமிர்ந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஒரு சுவத்தை இடிச்சிருக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் தமிழிலேயே, உடைத்து உடைத்து, "நல்லா... கத்துக்கோங்க" என்றார். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கையெழுத்துக்கு வேலையே வரவில்லை. உன் ஒருத்தியின் பொறுப்பில்தான் வருகிறேன்.

ரோஷினிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. ஜூன் பத்தாம் தேதி டிக்கெட்.

உன்
நஞ்சுண்டன்


ரிச்சர்ட்சன்
24 மே 2000

என் அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எங்கள் சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை. பயணத்துக்கு முன்னால் தண்ணீர் மாற்றிக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் வந்து சேர வேண்டும் என்று மருதமலை முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போன் செய்தபோது நான் ஏன் பேசவில்லை என்று தெரிய வேண்டாமா? அப்போது இங்கே காலை, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செல்போன் வாங்கிய முதல் வாரம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பெண் ஸ்டியரிங்கில். அவளுக்கு அது இரண்டாவது வகுப்புதான். பின்சீட்டில் வெண்பா, துணைக்கு வந்தவள். உங்கள் "கிடைச்சிருச்சு புஷ்பா!" கார் முழுக்கக் கேட்டது. எனக்கு வாயும் வரவில்லை, காலும் வரவில்லை. முன்னால் சிவப்பு விளக்கு. என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் நகரவில்லை. அந்தப் பெண் தானாகவே, பதறாமல், மெதுவாக மிதித்து, கோட்டுக்கு முன்னால் காரை அழகாக நிறுத்தினாள். "ஆன்ட்டி, நீங்க அழுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வெண்பா என்னைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பச்சை விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் நான் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதே இல்லை. தெருவெல்லாம் ரோஜா பூத்துக் கிடந்தது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ரோஷினிக்கு ஒன்றும் வேண்டாமாம். ஆனால் கேட்டாள்: "அம்மா, ஏர்போர்ட்ல அவரை என்னன்னு கூப்பிடணும்?" உனக்கு எப்படி வருகிறதோ அப்படி என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். காது கொடுத்துக் கேட்டேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து கேளுங்கள்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
புஷ்பா